இரவல் நாட்டுக்கு ஒரு வெள்ளி

1

இந்தக் கதை எனக்குப் பாலாவிச் சந்தியில், புத்தளம் போகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகக் கிடைத்தது. சாரதி வெற்றிலை வாங்க இறங்கியிருந்தார். அவர் சுண்ணாம்பு தடவுகிற அழகை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது என்று தலையைத் திருப்பினால், கல்பிட்டி ரோட்டு முனையில் ஒரு மின்கம்பம். கம்பத்தில் ஒரு பதாகை. வெள்ளை உடுப்பில், முட்டியை முன்னே நீட்டிக்கொண்டு ஒரு பெண். கீழே கொட்டை எழுத்தில்: "சர்வதேசக் கராத்தே சுற்றுப்போட்டியில் தீவு நாட்டு வீராங்கனையை வீழ்த்தித் தங்கம் வென்ற கண்டக்குழியின் சுறா செல்வி மெலனிக்கு எமது வாழ்த்துக்கள்."

(சுறா எப்படி வந்தது என்று பிறகு விசாரித்தேன். முதலில் 'புலி' என்றுதான் எழுதிக் கொடுத்தார்களாம். பதாகை அடிக்கிற ஹாசிம், யுத்தம் முடிந்து இன்னும் பத்து வருடம் ஆகவில்லை, எனக்குக் குடும்பம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். 'சிங்கம்' என்று போடச் சங்கத்தில் சிலருக்கு மனம் வரவில்லை. மீன் பிடிக்கிற ஊர். சுறாவில் யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை.)

இதுவரைக்கும் சரி. ஊருக்கு ஊர் இப்படி ஒரு பதாகை தொங்குகிறது. நான் சிரித்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பினேன். அங்கேயும் ஒரு கம்பம், ஒரு பதாகை. பின்னணியில் அதே மஞ்சள் தீச்சுவாலை, அதே எழுத்து. பெண் மட்டும் வேறு. இவள் தலையில் துணி சுற்றியிருந்தாள். "அதே சர்வதேசச் சுற்றுப்போட்டியில் தீவு நாட்டின் சார்பில் களமிறங்கி வெள்ளி வென்ற தில்லையடியின் செல்வம் றுஷ்னாவுக்கு எமது வாழ்த்துக்கள்."

திரும்பத் திரும்ப வாசித்தேன். அதாவது, கண்டக்குழிப் பிள்ளை வீழ்த்திய அந்நிய நாட்டுக்காரி தில்லையடியில் இருக்கிறாள். பஸ்ஸில் போனால் கொஞ்ச நேரம். இரண்டு ஊரும் இதைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நின்று வெற்றிலை வாங்குகின்றன. பஸ்ஸில் யாருக்கும் அதிர்ச்சி இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர், "கெட்டிக்காரப் பிள்ளைகள்" என்றார்.

(பதாகைகளில் அந்த நாட்டின் பெயர் முழுதாக இருந்தது. நான் எழுதவில்லை. நம்முடைய தீவு அல்ல, இன்னொன்று. தான் போட்டியில் கலந்துகொண்டது அந்த நாட்டுக்கே இன்னும் தெரியாது. என் மூலமாகத் தெரிய வேண்டாம்.)

2

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதிய முதல் வரி இது:

"கராத்தே மாஸ்டர் கில்பட், ஒன்பதாம் டான் கறுப்புப் பட்டிக்குத் தன் பேரவையின் தலைவராகத் தன்னையே சிபாரிசு செய்து, செயலாளராக அதைப் பரிசீலித்து, பிரதம அதிதியாக மேடையேறித் தன் இடுப்பில் தானே..."

விட்டுவிட்டேன். வரியில் பிழை ஒன்றும் இல்லை. இப்படி ஆரம்பித்தால் கடைசி வரைக்கும் கில்பட்தான் நிற்பார். அவரை மேடையிலிருந்து இறக்குவது கூட ஏறினவர்களாலேயே முடியாத காரியம். இன்னொரு இடைஞ்சலும் இருந்தது. விசாரித்த இடமெல்லாம் சொன்னார்கள்: கில்பட் மாஸ்டர் தொப்பையும் நரைத்த மீசையுமாகக் கடற்கரையில் காலைத் தூக்கினால், வலை இழுக்கிறவர்கள் கயிற்றை விட்டுவிட்டுப் பார்ப்பார்களாம். அவ்வளவு அழகு. பகிடி பண்ணிச் சிரிக்க வந்தவனுக்கு இது பெரிய அநியாயம். ஏமாற்றுக்காரனுக்குத் தொழில் தெரிந்திருக்கக் கூடாது.

இரண்டாவது தொடக்கம்: "மெலனிக்குப் பத்தொன்பது வயது. கடலும் கராத்தேயும் தவிர..."

இதையும் விட்டேன். மெலனியை நான் நேரில் கண்டதில்லை. பதாகையில் கண்ட முகம்தான். இனி வருவதில் பாதி ஊரில் கேட்டது, பாதி நான் கட்டியது. எந்தப் பாதி எது என்று எனக்கே குழம்பிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: அவளைப் பகிடிக்குத்தான் கூட்டிவந்தேன்.

3

கொழும்பில் ஒரு உள்ளரங்கு. கூரையிலிருந்து கொடிகள் தொங்கின. கொடிகள் எல்லாம் நேரத்துக்கு வந்துவிட்டன. ஆட்கள்தான் வரவில்லை. அழைக்கப்பட்ட நாடுகளில் சில வாழ்த்துச் செய்தி அனுப்பியிருந்தன. மற்றவை அதுவும் இல்லை. மண்டபம் எடுத்தாயிற்று, பிரதம அதிதி வருகிறேன் என்று சொல்லியாயிற்று, பதக்கங்களில் 'சர்வதேச' என்று பொறித்தும் ஆயிற்று. ஆகவே கில்பட் மாஸ்டரும் மற்ற மாஸ்டர்மாரும் காலையில் மண்டபத்தின் பின்பக்கம் கூடி, தங்கள் கிளைகளிலிருந்து வந்த பிள்ளைகளை நாடுகளுக்குப் பங்கிட்டார்கள். புத்தளம் கிளைக்குத் தீவு நாடு விழுந்தது. சிலாபத்துப் பையன்கள் சிலர், கடலை விட்டு ஒரு நாளும் ஏறாதவர்கள், பனிமலை நாட்டுக்காரர் ஆனார்கள். கல்பிட்டிக் கிளை மட்டும் சொந்த நாடாகவே நிற்கட்டும் என்று கில்பட் தீர்மானித்தார். அது அவருடைய சொந்தக் கிளை.

மெலனிக்கு இதொன்றும் தெரியாது. வெளிநாட்டு வீரர்களோடு கதைக்கக் கூடாது, அது ஒழுக்கம் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். வெளிநாட்டு வீரர்களுக்கோ வாயே திறக்கக் கூடாது என்று கட்டளை. மத்தியானம் தீவு நாட்டு அணி சோற்றுப் பார்சலை அவிழ்த்து, பருப்பையும் சம்பலையும் கையால் பிசைந்து சாப்பிடுவதை மெலனி பார்த்தாள். உலகத்து மனிதர் எல்லாரும் ஒன்றுதான் என்று நினைத்தாள்.

(இல்லை. கடைசி வசனம் நான் போட்ட பகிடி. அவள் அவ்வளவு பேதை அல்ல. சந்தேகம் வந்திருக்கும். ஆனால் மாலையில் இறுதிப் போட்டி இருக்கிறது. தங்கம் கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது சந்தேகத்தை யார் சோறூட்டி வளர்ப்பார்கள்?)

இறுதிப் போட்டிக்கு மெலனிக்குச் சிவப்புப் பட்டி, தீவு நாட்டுக்காரிக்கு நீலம். ஏறுவதற்கு முன் கில்பட் அவள் தோளைப் பிடித்து அமுக்கினார்.

"இரக்கம் பாக்காதை மகள். வெளிநாட்டுக்காரி. நாளைக்கு நீ அவளைக் காணப் போறியே?"

கராத்தே தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம். தலைக்கு எடுக்கிற உதை, தோலைத் தொட்ட இடத்தில் நிற்க வேண்டும். நின்றால் மூன்று புள்ளி. நிற்காமல் இடித்தால் இடித்தவருக்குத் தண்டனை. எவரும் அடிக்கலாம், அந்த வேகத்தில் வந்த காலை மயிரிழையில் நிறுத்துவதுதான் வித்தை. மெலனி அதைக் கடற்கரையில் தினமும் செய்தாள். தொங்கவிட்ட மிதப்புக்கட்டை அசையாமல் அதைத் தொட்டுவிட்டு வருகிற கால் அது.

அன்றைக்குக் கால் நிற்கவில்லை. நிறுத்தத் தவறினாளா, நிறுத்த வேண்டாம் என்று விட்டாளா? இந்த இடத்தை நான் பல விதமாக எழுதிப் பார்த்தேன், அவளிடமிருந்து பதில் வரவில்லை. வலது கால் எதிராளியின் இடது காதில் இறங்கியது. தட்டையான ஒரு சத்தம். தீவு நாட்டுக்காரி காதைப் பொத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தாள். விழுந்து, மெதுவாகத்தான் சொன்னாள்:

"உம்மா."

பஸ்ஸில் கால் மிதிபட்டால், பள்ளிக்கூட முற்றத்தில் முழங்கால் தேய்ந்தால், கல்பிட்டிச் சந்தையில் கத்தி விரலைக் கீறினால், முஸ்லிம் பிள்ளைகள் தாயைக் கூப்பிட மெலனி பிறந்த நாள் தொடக்கம் கேட்ட குரல். தூரத்து நாடு ஒன்று அவள் கண் முன்னே கழன்று விழுந்தது. உள்ளே பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒன்று காதைப் பொத்திக்கொண்டு இருந்தது.

நடுவர் ஒரு கணம் தலைமை மேசையைப் பார்த்தார். மேசையில் கில்பட் இருந்தார். பிறகு நடுவர் மெலனியின் பக்கம் கையை நீட்டி மூன்று புள்ளி கொடுத்தார்.

விழுந்தவள் எழும்பி வந்தாள். மிச்ச நேரம் முழுக்க மெலனி காலைத் தூக்கவில்லை. பின்னுக்குப் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். மணி அடித்தது. தங்கம்.

மேடையில் பக்கத்துப் படியில் நின்றவளிடம், எந்த ஊர் என்று மெலனி முணுமுணுத்தாள். அவள் மற்றக் காதைத் திருப்பி, என்ன என்று கேட்டாள். மெலனி திரும்பவும் கேட்டாள். "தில்லையடி" என்றாள் அவள். தேசிய கீதம் ஒலிக்கத் தொடங்கியது. பள்ளிக்கூடப் பழக்கத்தில் தீவு நாட்டு வீராங்கனையின் உதடுகளும் அசைந்தன.

(பார்வையாளர்கள் இதைப் பார்த்துக் கைதட்டினார்களாம், மற்ற நாட்டுக்காரி நம் கீதத்துக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறாள் என்று.)

4

மெலனியின் தாய் யூஜீனியா, மகள் போகிற அன்று காலை தலவிலத் தேவாலயத்துப் புனித அன்னம்மாளுக்கு ஒரு நேர்த்திக்கடன் வைத்திருந்தாள். பிள்ளை ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி வந்தால், எந்தப் பதக்கம் கொண்டுவருகிறாளோ அது அன்னம்மாளுக்கு. பிள்ளை ஒரு கீறலும் இல்லாமல் வந்தாள், தங்கத்தோடு. திருவிழா நெருங்கிவிட்டது. அதற்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்ததும் மீனவர் சங்கத்தின் வரவேற்பு. கில்பட் மாஸ்டரின் உரைக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருந்தார்கள்.

மெலனி தாயிடம் எல்லாவற்றையும் சொன்னாள். யூஜீனியா கருவாட்டுக்கு மீன் பிளந்துகொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"அந்தப் பிள்ளைக்குக் காது கேக்குதா?"

"ஒரு பக்கம் கேக்கேல்லைப் போல கிடக்கு அம்மா."

யூஜீனியா பிளந்த மீனை உப்பில் போட்டாள். பிறகு, கொடியும் நாடும் கில்பட்டின் கூத்து, அன்னம்மாள் அதையெல்லாம் பார்க்கப் போவதில்லை என்றாள். வேறொன்றுதான் அவளைக் குடைந்தது. அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. நேர்த்திக்குக் கொடுக்கிற பொருளில் யாருடைய மனத்தாங்கலும் ஒட்டியிருக்கக் கூடாது. தங்கச்சிக்குப் பங்குள்ள சங்கிலி என்றால் தங்கச்சி வாயால் சொல்ல வேண்டும். கூட்டு வள்ளத்தின் முதல் மீன் என்றால் கூட்டாளி சொல்ல வேண்டும். சொல்லாமல் கொண்டுபோய்க் கோயிலில் கொழுவித் தொங்கவிட்டால் நேர்த்தி சேராது. சேராத நேர்த்தி பிள்ளையின் மேலேயே திரும்பும். யூஜீனியா இதை நம்பினாள். வேறு எதையும் இவ்வளவு நம்பினாளோ தெரியாது.

"போய் அவளைக் கேள். மனத்தாங்கல் இல்லையெண்டு அந்தப் பிள்ளை தன்ர வாயால சொல்லவேணும்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி நீ கீறல் இல்லாமல் வந்ததுக்கு நான் அன்னம்மாளுக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

5

இந்த இடத்தில் எனக்கு இரண்டு முடிவுகள் சும்மா கிடைத்தன.

முதலாவது: ஞாயிற்றுக்கிழமை வரவேற்பு மேடை. கில்பட் மாஸ்டரின் உரை நாற்பதாவது நிமிடத்தைத் தாண்டுகிறது. மெலனி எழும்பி, ஒலிவாங்கியைப் பிடுங்கி, கூட்டத்தைப் பார்த்து...

இதை எழுத என் கை துடித்தது. கில்பட்டின் முகம், பிரதம அதிதியின் சால்வை, திடீரென்று அறுந்து விழும் பந்தல் சோடனை, எல்லாம் தயாராக இருந்தன. ஆனால் மெலனி ஒலிவாங்கியில் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் தில்லையடியில் இன்னொருத்தியின் பதாகையைக் கிழிக்கும். அவளிடம் கேட்காமல் இவள் சொல்லலாமா? நான் சிரிப்பதற்காக?

இரண்டாவது: மெலனி தில்லையடிக்குப் போகிறாள், தங்கத்தைக் கழற்றி றுஷ்னாவின் கழுத்தில் போடுகிறாள், இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், பின்னால் ஒரு தேவாலய மணிக்கூண்டும் ஒரு பள்ளிவாசல் மினாரும் ஒன்றாக...

இது தொண்டு நிறுவனம் ஒன்று சுவர்க் கலண்டரில் அடிப்பதற்கு உகந்தது. மார்ச் மாதத்துக்கு.

6

மெலனி பதக்கத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தில்லையடிக்குப் போனது உண்மை. வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. கடைக்காரரிடம், வெளிநாட்டுக்கு விளையாடின பிள்ளையின் வீடு என்று கேட்டாள். அவரே கொண்டுவந்து விட்டார்.

றுஷ்னாவின் வாப்பா முத்தலிபு துணி வியாபாரம் செய்கிறவர். வாசலில் மெலனியைக் கண்டதும், பதாகையில் பார்த்த முகம் என்று உடனே அடையாளம் பிடித்து, கதிரையை இழுத்துப் போட்டு, உள்ளே தேநீருக்குச் சொல்லி, தன் மகளை வென்ற பிள்ளையைத் தானே வாயாரப் புகழத் தொடங்கினார். மெலனிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மெல்ல, இந்த வேறு நாட்டு விஷயம் உங்களுக்கு எப்படி என்று இழுத்தாள்.

முத்தலிபு தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில், மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து மன்னார்ப் பக்கமிருந்து துரத்தப்பட்டு வந்தவர். அப்போது அவருக்குக் கலியாண வயது.

"இங்க என்னை மன்னார் ஆள் எண்டுவாங்க. அங்க போனா புத்தளத்து ஆள் எண்டுவாங்க. இத்தனை வருசத்துல என்னை நம்மட ஆள் எண்டு ஒருத்தரும் கேட்டதில்ல மகள். என்ட புள்ளைய ஒரு நாடே எங்கட ஆள் எண்டு கேட்டு எடுத்திருக்கி. நான் வேணாமெண்டு செல்லுவனா?"

(இதுதான் பாலாவிச் சந்தியில் நான் திரும்பத் திரும்ப வாசித்த பதாகை. இப்போது அதை எப்படி வாசிப்பதென்று எனக்குத் தெரியவில்லை. இங்கே ஒரு பகிடி வர வேண்டிய இடம். வெற்றிடமாக விடுகிறேன்.)

                    

அவருக்குக் காதின் கதை தெரியாது என்பதும் மெலனிக்கு அப்போது விளங்கியது. குளிக்கும்போது தண்ணீர் போய்விட்டது என்று றுஷ்னா சொல்லிவைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் சொன்னதோ காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது என்று. அது ஆறிவிடும். ஆனால் ஆறுவதற்குள் அந்தப் பக்கம் இன்னொரு அடி பட்டால் கேட்கும் சக்தி திரும்பாது என்றிருந்தார் டொக்டர்.

இதையெல்லாம் றுஷ்னா வீட்டின் பின்வளவில் வைத்துச் சொன்னாள், வேறு யாருடைய காதையோ பற்றிச் சொல்வதுபோல. மெலனி பதக்கத்தை எடுத்தாள். அம்மாவின் நேர்த்தியை, வழக்கத்தை, தான் கேட்க வந்த ஒரு வார்த்தையைச் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள்.

றுஷ்னா பதக்கத்தைத் தொடவில்லை.

"மனத்தாங்கல் இருக்கி" என்றாள்.

"காதுக்கு?"

"காது கெடக்கட்டும். அந்த நடுவர் மூணு புள்ளி தந்தானே, அதுவும் கெடக்கட்டும். நான் எழும்பி வந்த பிறகு நீ ஏன் காலைத் தூக்கேல்ல?"

"நீங்கள் உம்மா எண்டு சொன்னீங்கள்."

"சொன்னா? வெளிநாட்டுக்காரி எண்டு நெனச்ச மட்டும் அடிச்சாய். ஊர்க்காரி எண்டு தெரிஞ்ச உடனே பாவம் பாத்தாய். அப்ப எந்த நேரம் நீ என்னோட வெளையாடினாய்?"

இரண்டு நாள் இந்தக் கேள்விக்குக் கீழே நான் ஒன்றும் எழுதவில்லை. கில்பட்டின் ஒன்பதாம் டானையும், கொடிகளையும், சுறாவையும் வைத்து என்னவெல்லாம் கட்டி வந்தேனோ அத்தனையையும் இந்தப் பிள்ளை ஒரு கேள்வியால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள். அவளுக்குப் பொய்ப் போட்டி மேல் கோபம் இல்லை. அதற்குள் ஒரு உண்மையான ஆட்டம் நடந்திருக்கலாம், அது நடக்கவில்லை என்றுதான் கோபம்.

மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. முத்தலிபு தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார். வாசல் படலை சாத்துகிற சத்தம் கேட்டதும் றுஷ்னா செருப்பைக் கழற்றினாள்.

"ஒரு சுற்று. பட்டி இல்ல, கொடி இல்ல. உள்ளபடி வெளையாடு. நான் வெண்டாலும் சரி தோத்தாலும் சரி, மனத்தாங்கல் இல்லையெண்டு உங்கட உம்மாக்கு நானே வந்து செல்றன்."

"காது?"

"என்ட காது. அத நான் பாப்பன். நீ பாவம் பாத்தியோ, பதக்கத்த எடுத்துட்டுப் போ. ஒரு நாளும் அந்த வார்த்தைய செல்ல மாட்டன்."

7

பின்வளவில் மணல். ஒரு முருங்கை. கொடியில் காய்ந்த பாய்கள். இருவரும் குனிந்து வணங்கினார்கள், கொழும்பு மேடையில் வணங்கியதை விடவும் கீழே.

றுஷ்னா முதலில் வந்தாள். வேகமானவள். கொழும்பில் பின்னுக்கே போய்க்கொண்டிருந்ததால் மெலனிக்கு இது தெரியாமலே போயிருந்தது. ஒரு குத்து மெலனியின் விலாவைத் தொட்டு, தொட்ட இடத்தில் நின்று, திரும்பிப் போனது. அப்பழுக்கில்லாத ஒரு புள்ளி. மெலனியும் ஒன்று எடுத்தாள். இன்னொன்று கொடுத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருவருக்கும் வந்தது.

அப்போதுதான் மெலனி கண்டாள். கேட்கிற காதை முன்னுக்கு வைப்பதற்காக றுஷ்னா தலையைக் கொஞ்சம் திருப்பியே விளையாடுகிறாள். அதனால் இடது பக்கம் திறந்து கிடக்கிறது. அந்தக் காது. வேறு எந்த எதிராளியென்றாலும் மெலனியின் வலது கால் எப்போதோ அங்கே போயிருக்கும். போகாவிட்டால் அது பாவம் பார்ப்பது. றுஷ்னாவுக்கு அது உடனே தெரியும், தெரிந்தால் அந்த வார்த்தை வராது. போனால், தோலில் நிற்க வேண்டும். போன தடவை நிற்கவில்லை.

எனக்கு இதற்குப் பிறகு எழுத வராது. எழுதிப் பார்த்தேன். கால் நின்றது என்று எழுதினால் பொய்யாக இருக்கிறது, நான் அவளுக்கு இரக்கம் பார்த்ததாக. நிற்கவில்லை என்று எழுதினால், கதை சூடாக முடிய வேண்டும் என்பதற்காக ஒரு பிள்ளையின் காதை எடுத்ததாக. கால் போகவே இல்லை என்று எழுதினேன். றுஷ்னா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள், எனக்கும் சேர்த்து.

கொழும்பில் நடுவர் தலைமை மேசையைப் பார்த்தார். இங்கே மேசை இல்லை. முருங்கைக்குப் பக்கத்தில் நடுவராக நிற்பது நீங்கள் மட்டும்தான். வலது கால் மணலை விட்டுக் கிளம்பிவிட்டது, இடுப்பு திரும்பிவிட்டது, றுஷ்னா கண்ணை மூடவில்லை.